துண்டுகள் சேர்ந்த காட்சி

சுவரும் கண்ணும்

தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தைச் சுற்றி வருவோர் பெரும்பாலும் அண்ணாந்து பார்த்தே நடப்பர். உயரம் கண்ணைக் கவர்வது இயல்பே. ஆயினும் அக்கோயிலின் வரலாறு பொறிக்கப்பட்டிருப்பது உயரத்தில் அன்று, அடித்தளத்தில். 1010ஆம் ஆண்டில் நிறைவுற்ற அத்திருக்கோயிலுக்குத் தான் கொடுத்தவற்றையும், தன் தமக்கை குந்தவை கொடுத்தவற்றையும், தன் தேவியர் கொடுத்தவற்றையும், ஏனையோர் கொடுத்தவற்றையும் விமானத்துக் கல்லிலேயே வெட்டுக என முதலாம் இராசராசன் ஆணையிட்டான். அவ்வாணையின் பயனாக எழுந்த எழுத்துகள் சுவரின் நீளத்தையொட்டி வரிவரியாக ஓடுகின்றன.

அவ்வரிகளைப் படிப்போர் நடந்துகொண்டே படிக்க வேண்டும். எழுத்துத் தெரியும் அளவுக்கு அருகில் நின்றால் வரியின் சிறு பகுதியே கண்ணுக்கு எட்டும்; வரி முழுதும் தெரியும் தொலைவுக்கு விலகி நின்றால் எழுத்துத் தெரியாது. மனிதக் கண்ணுக்குள்ள இக்குறை ஒளிப்படக் கருவிக்கும் உண்டு. ஒரே படத்தில் எழுத்தும் வேண்டும், வரியின் முழு நீளமும் வேண்டும் என்றால், பல படங்களை எடுத்து அவற்றை ஒன்றாக இணைப்பதே வழி.

இவ்விணைப்புக் கலை இன்று கணினி மென்பொருளின் வேலையாகிவிட்டது. கைப்பேசியே அதனை நொடிப்பொழுதில் செய்து முடிக்கிறது. அதனால், எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது என்னும் வினா வெறும் வசதி பற்றிய வினாவாகவே பலருக்குத் தோன்றும். வரலாற்றை நோக்கினால் அது வசதியோடு முடியும் வினா அன்று என்பது விளங்கும்.

தஞ்சையில் ஓர் ஒளிப்படக் கலைஞர்

1822இல் இங்கிலாந்தின் டெவன்போர்ட் நகரில் பிறந்த லின்னேயஸ் ட்ரைப், கிழக்கிந்தியக் கும்பினியின் படையில் அதிகாரியாக இருந்தவர். 1855இல் பர்மாவுக்குச் சென்ற தூதுக்குழுவுடன் சென்று அந்நாட்டின் கட்டடங்களைப் படம் பிடித்தார். பின்னர் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக அமர்த்தப்பட்டார். தொடர்ந்து திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகிய ஊர்களின் கோயில்களும் கோட்டைகளும் அவருடைய கருவியின் முன் வந்தன.

1858இல் பெரிய கோயிலின் விமான அடித்தளத்தில் உள்ள கல்வெட்டுகளை அவர் படம் பிடித்தார். ஒரு படத்தில் அடங்காத அச்சுவரைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக்கினார். ஓலைச்சுவடி போலவும் துணிச்சுருள் போலவும் விரித்துக் காணத்தக்க அப்படம், ஒளிப்பட வரலாற்றில் தனக்கென ஓர் இடம் பெற்றுள்ளது. யூஜின் ஹூல்ட்ஸ் என்னும் செருமானிய அறிஞர் இக்கோயிலின் கல்வெட்டுகளைத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் என்னும் தொகுதி வரிசையில் அச்சேற்றத் தொடங்கியது 1891இல். அதற்கு 33 ஆண்டுகளுக்கு முன்பே அவ்வெழுத்துகளின் உருவம் தாளில் பதிந்துவிட்டது.

ட்ரைப்பின் செயலில் கருதத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. அவர் ஓரிடத்தில் நின்று கருவியைத் திருப்பவில்லை. சுவரையொட்டி இடம் பெயர்ந்து, ஒவ்வொரு பகுதியையும் நேர் எதிரே நின்று எடுத்தார். அகலக்காட்சிப் படத்துக்கு இருவகை வழிகள் உண்டு. ஒன்று, நின்ற இடத்திலேயே நின்று சுற்றிலும் நோக்குவது. மற்றொன்று, நடந்துகொண்டே நேரே நோக்குவது. ட்ரைப் மேற்கொண்டது இரண்டாம் வழி. முதல் வழியின் வரலாறு, ஒளிப்படம் தோன்றுவதற்கும் முன்னே தொடங்குகிறது.

நின்று சுற்றிய ஓவியர்

அயர்லாந்தில் பிறந்து எடின்பரோவில் வாழ்ந்த இராபர்ட் பார்க்கர் என்னும் ஓவியர், வட்டமான கட்டடத்தின் உட்சுவர் முழுவதும் ஒரே காட்சியைத் தீட்டி, நடுவில் நிற்போர் உண்மையான இடத்திலேயே நிற்பதாக உணரச் செய்யும் முறையொன்றை வகுத்தார். 1787இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஓவியர் ஒரே இடத்தில் நிலைத்து நின்று, சிறிது சிறிதாகத் திரும்பி, கண்முன் வருவதை ஒன்றோடொன்று தொடர்பு அறாமல் வரைந்து, தொடங்கிய இடத்திலேயே கொண்டுவந்து முடிக்க வேண்டும் என்பது அம்முறையின் சாரம். அனைத்தையும் காணல் என்னும் பொருள்படக் கிரேக்கச் சொற்களைக் கொண்டு அமைந்த பனோரமா என்னும் பெயர் அதற்கு வழங்கலாயிற்று. 1793இல் இலண்டன் இலெஸ்டர் சதுக்கத்தில் அதற்கெனவே ஒரு வட்டக் கட்டடம் எழுந்தது.

இக்கலையின் தொடக்கக் காலத்திலேயே இந்திய வரலாறும் அதில் இடம்பெற்றது. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்த சீரங்கப்பட்டணப் போரை இராபர்ட் கெர் போர்ட்டர் என்னும் இளம் ஓவியர் ஏறத்தாழ 120 அடி நீளத் திரையில் தீட்டினார். 1800இல் அது இலண்டனில் காட்சிக்கு வந்தபோது மக்கள் திரண்டு வந்து பார்த்தனர். அவ்வூரைக் காணாத ஓவியர், வென்றவர்களின் வாய்மொழியையும் குறிப்புகளையும் கொண்டு தீட்டிய காட்சி அது. பார்த்தவர்களோ போரையே நேரில் கண்டதாக எண்ணினர். அகன்ற படத்துக்கு உள்ள ஆற்றலும் இடரும் இதனுள் அடங்கியுள்ளன. படம் அகல அகல, விடுபட்டது எதுவும் இல்லை என்னும் நம்பிக்கை காண்போர் உள்ளத்தில் வளர்கிறது. அந்நம்பிக்கைக்குத் தகுதி உண்டா என ஆராய்வது பின்னர் வந்தோரின் கடமையாயிற்று.

ஒட்டும் இடத்தில் தோன்றிய உண்மை

ஒளிப்படம் தோன்றியதும் அகலக்காட்சியை அதில் அடக்கும் முயற்சியும் உடன் தோன்றியது. 1840களில் பாரிசில் வாழ்ந்த பிரீட்ரிக் வான் மார்ட்டென்ஸ், வில்லை திரும்பும் கருவியொன்றைச் செய்து ஏறத்தாழ 150 பாகை அகலத்தை ஒரே தகட்டில் பதிவு செய்தார். ஏனையோர் தனித்தனிப் படங்களை ஒட்டும் வழியை நாடினர். 1875இல் சார்லஸ் பேய்லிஸ், தங்கச் சுரங்கத்தால் செல்வரான பெர்னார்ட் ஹோல்ட்டர்மன் என்பவரின் மாளிகைக் கோபுரத்திலிருந்து சிட்னி நகரையும் துறைமுகத்தையும் படம் பிடித்தார். 23 பகுதிகள் சேர்ந்த அப்படம் ஏறத்தாழ 10 மீட்டர் நீளம் கொண்டது. 1878இல் எட்வர்ட் மைபிரிட்ஜ் சான் பிரான்சிஸ்கோ நகரை 13 பலகைகளில் எடுத்து இணைத்தார். அதன் நீளம் ஏறத்தாழ 17 அடி.

மைபிரிட்ஜின் படத்தில் ஒரு பலகை மட்டும் ஏனையவற்றோடு ஒரே வரிசையில் எடுக்கப்படாமல் வேறொரு நேரத்தில் எடுக்கப்பட்டது. கட்டடங்களின் நிழல் விழும் திசையே அதற்குச் சான்று. ஒரே கணத்தில் கண்ட நகரம் போல் தோன்றும் அக்காட்சி, உண்மையில் பல மணி நேரத்தின் தொகுப்பாகும். ஒட்டுப் படத்தை அறிந்து நோக்குவோர் படத்தின் நடுவை முதலில் நோக்குவதில்லை. இரு படங்கள் சந்திக்கும் விளிம்பையே முதலில் நோக்குவர். ஒளி மாறியதா, கோடு முறிந்ததா, பொருள் இரட்டித்ததா என்பதெல்லாம் அங்கேதான் வெளிப்படும்.

கையால் ஒட்டும் வழக்கம் விண்வெளிக் காலத்திலும் தொடர்ந்தது. 1966 முதல் 1968 வரை நிலவில் இறங்கிய அமெரிக்கச் சர்வேயர் கலங்கள் சிறு சிறு படங்களாகவே நிலவின் தரையை அனுப்பின. ஆய்வாளர்கள் அவற்றை அச்சிட்டு, அரைக்கோள வடிவக் கிண்ணங்களின் உட்புறத்தில் வரிசையாக ஒட்டி, கலம் கண்ட காட்சியை மீண்டும் அமைத்தனர். பார்க்கரின் வட்டச் சுவர் கிண்ணமாகச் சுருங்கிற்று. ஒட்டும் பசை மட்டும் மாறவில்லை.

கணினி கற்ற மூன்று பாடங்கள்

கைவேலையைக் கணினிக்குக் கற்பிக்க வேண்டுமாயின், கை என்ன செய்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும். படங்களை ஒட்டுவோர் மூன்று செயல்களைச் செய்கின்றனர். இரு படங்களிலும் காணப்படும் பொதுவான அடையாளங்களைத் தேடுகின்றனர். அவ்வடையாளங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துமாறு படத்தைத் திருப்பியும் நகர்த்தியும் வைக்கின்றனர். விளிம்பு தெரியாதவாறு மறைக்கின்றனர். தேடல், பொருத்தல், மறைத்தல் என்னும் இம்மூன்றும் கணினிக்கு ஒரே நாளில் கைவந்தவை அல்ல. வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு அறிஞர்கள் தேடித் தந்தவை அவை.

மறைத்தலே முதலில் முன்னேறியது. 1975இல் டேவிட் மில்கிராம், கணினி வழியாக ஒட்டுப்படம் அமைப்பதையும், இணைப்புக் கோட்டை எவ்வழியே கொண்டு செல்வது என்பதையும் ஆராய்ந்து வெளியிட்டார். 1983இல் பீட்டர் பர்ட், எட்வர்ட் அடெல்சன் ஆகிய இருவரும் அழகிய தீர்வொன்றைக் கண்டனர். வானத்தின் நிறம் போன்ற பரந்த வேறுபாடுகளை அகன்ற பகுதியிலும், இலை விளிம்பு போன்ற நுண்ணிய வேறுபாடுகளைக் குறுகிய பகுதியிலும் கலக்க வேண்டும் என்பது அவர்களின் முறை. இதனால் நிறமும் படிப்படியாக மாறும், உருவமும் இரட்டிக்காது.

பொருத்தலுக்கு வேண்டிய கருவி 1981இல் கிடைத்தது. மார்ட்டின் ஃபிஷ்லர், இராபர்ட் போல்ஸ் ஆகியோர், தவறான சான்றுகள் பல கலந்த கூட்டத்திலிருந்து உண்மையான ஒழுங்கைப் பிரித்தெடுக்கும் முறையை வகுத்தனர். சில சான்றுகளைக் குருட்டாம்போக்கில் எடுத்து ஒரு முடிவைக் கற்பித்து, ஏனைய சான்றுகளுள் எத்தனை அதனை ஒப்புகின்றன எனக் கணக்கிட்டு, மிகுதியாக ஒப்புதல் பெற்ற முடிவையே கொள்வது அம்முறை. ஊர்ப் பஞ்சாயத்தில் பலரும் பலவாறு சாட்சி கூறும்போது நடுவர் உண்மையைத் தேறுவதை ஒத்தது இது.

தேடலே கடைசியில் கைகூடியது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் லோ 1999இல், படம் சிறுத்தாலும் பெருத்தாலும் திரும்பினாலும் மாறாமல் அறியத்தக்க அடையாளப் புள்ளிகளைக் கண்டெடுக்கும் முறையை வெளியிட்டார். அம்முறை, ஒவ்வொரு புள்ளியின் சூழலையும் 128 எண்களாகக் குறித்து வைக்கிறது. எண் வரிசை ஒத்தால் புள்ளியும் ஒத்தது எனக் கொள்கிறது. 2003இல் லோவும் அவருடன் ஆய்ந்த மேத்யூ பிரவுனும், தாறுமாறாகக் கொட்டிய படக்குவியலிலிருந்து எவையெவை ஒரே காட்சியைச் சேர்ந்தவை என்பதையும் தானே கண்டறிந்து இணைக்கும் முறையைக் காட்டினர். ஆட்டோஸ்டிச் என்னும் மென்பொருள் அதிலிருந்து பிறந்தது. மனிதர் எதையும் சுட்டிக்காட்ட வேண்டாத நிலை அத்துடன் வந்தது.

பேராசிரியரும் காப்புரிமையும்

அந்நிலை வருமுன்பே, பயன்படுத்துவோர் கையில் முழு அதிகாரத்தையும் தந்த மென்பொருள் ஒன்று செருமனியில் தோன்றியிருந்தது. ஃபுர்ட்வாங்கன் நகர உயர்கல்வி நிறுவனத்தில் இயற்பியலும் கணிதமும் கற்பித்த பேராசிரியர் ஹெல்முட் டெர்ஷ், 1998இல் பனோரமா டூல்ஸ் என்னும் கருவித் தொகுப்பை உருவாக்கி, யாவரும் பெறுமாறு இலவசமாக வழங்கினார். பொதுப்புள்ளிகளைப் பயனரே குறிப்பார். வில்லையின் வளைவு, கருவி திரும்பிய கோணம் ஆகியவற்றைக் கணினி கணக்கிடும். சற்றுக் கடினமான கருவிதான் அது. எனினும் கணக்கு எவ்வாறு நடைபெறுகிறது என்பதை மறைக்காத கருவி.

முழுச்சுற்றுப் படங்களைத் தொழிலாகக் கொண்டிருந்த ஐபிக்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம், மீன்கண் வில்லைப் படங்கள் பற்றிய தன் காப்புரிமையைக் காட்டி டெர்ஷுக்கு எதிராகச் சட்ட உரிமை கோரியது. பெருநிறுவனத்தோடு தனியொரு பேராசிரியர் வழக்காடுதல் எளிதன்று. 2001இல் டெர்ஷ் இம்மென்பொருளுக்கான பொதுப்பணியை நிறுத்திக்கொண்டார்.

அத்துடன் கதை முடிந்திருக்க வேண்டும், முடியவில்லை. யாவரும் எடுத்து, திருத்தி, பகிரலாம் என்னும் பொது உரிமத்தின்கீழ் நிரலின் மூலம் கிடைத்ததால், பல நாட்டு ஆர்வலர்கள் அதனை ஏற்று வளர்த்தனர். அதன் அடித்தளத்தின்மேல் பாப்லோ டி ஆஞ்சலோ 2003இல் ஹுகின் என்னும் இலவச மென்பொருளைத் தொடங்கினார். பர்ட்டும் அடெல்சனும் கண்ட கலப்பு முறையைக் கையாளும் என்பிளெண்ட் என்னும் கருவி அதனோடு சேர்ந்தது. டெர்ஷின் கருவிக்கு எளிய முகப்பாகத் தோன்றிய பிடிகுயி, நெதர்லாந்தில் விலைக்கு விற்கும் முழு மென்பொருளாக வளர்ந்தது. ஐபிக்ஸ் நிறுவனம் 2006இல் நொடித்துப்போயிற்று. வழக்குக்கு அஞ்சி நின்ற பேராசிரியரின் கணக்கு வாழ்ந்தது. வழக்குத் தொடுக்கும் வலிமை பெற்றிருந்த நிறுவனம் மறைந்தது.

கொடையும் உரிமையும்

இதே காலத்தில் வேறு சில மென்பொருள்களும் புகழ்பெற்றன. ஆப்பிள் நிறுவனம் 1990களின் நடுவில் வெளியிட்ட குவிக்டைம் விஆர், கணினித் திரையில் சுற்றிப் பார்க்கும் படங்களை உலகுக்கு அறிமுகம் செய்தது. நாளடைவில் அந்நிறுவனமே அதனைக் கைவிட்டது. மைக்ரோசாப்ட் 2008இல் தொடங்கிய ஃபோட்டோசிந்த் இணையச் சேவையில் பலரும் தம் படங்களை ஏற்றி மகிழ்ந்தனர். 2017இல் அது மூடப்பட்டது. அதே நிறுவனம் இலவசமாக வழங்கிய இமேஜ் காம்போசிட் எடிட்டர், எளிமையும் விரைவும் வாய்ந்ததெனப் பாராட்டப்பட்டது; பின்னர் அதுவும் நிறுவனத்தின் தளத்திலிருந்து அகற்றப்பட்டது. பிரான்சின் கோலர் நிறுவனம் விலைக்கு விற்ற ஆட்டோபனோ தொழிலர் பலரின் நம்பிக்கைக்குரியதாக இருந்தது. 2015இல் கோப்ரோ அந்நிறுவனத்தை வாங்கியது. 2018இல் அதன் பணி நிறுத்தப்பட்டது.

இவை எவையும் தரக்குறைவால் மறைந்தவை அல்ல. உடைமையாளரின் நோக்கம் மாறியதால் மறைந்தவை. விலையின்றிக் கிடைத்தவையும் இவற்றுள் உண்டு. விலைகொடுத்து வாங்கியவையும் உண்டு. எனவே, இலவசமா விலைக்கா என்னும் ஒரு வினாவால் மென்பொருளை மதிப்பிடுதல் போதாது. கொடுத்தவர் திரும்பப் பெறத்தக்க கொடையா, பெற்றவரிடமே நிலைக்கும் உரிமையா என்பதே கேட்க வேண்டிய வினா.

அறிவின் உடைமை பற்றிய இச்சிக்கல் பழையதே. பார்க்கர் 1787இல் பெற்ற காப்புரிமைக்கும் கால எல்லை 14 ஆண்டுகள்தான். டேவிட் லோவின் புள்ளிதேடும் முறைக்கும் அவருடைய பல்கலைக்கழகம் காப்புரிமை பெற்றிருந்தது. அதனால் பொதுவுரிம மென்பொருள்கள் அம்முறையைத் தயங்காமல் சேர்த்துக்கொள்ள இயலவில்லை. காப்புரிமையின் தடையில்லாத வேறொரு முறையை ஆர்வலர்கள் எழுதினர். ஹுகினின் 2010ஆம் ஆண்டு வரிசை வெளியீட்டில் அது இடம்பெற்றது. லோவின் முறைக்கான காப்புரிமை 2020இல் காலாவதியாகி, அதுவும் பொதுச்சொத்தாயிற்று.

தேர்வோர் கேட்க வேண்டியவை

இவ்வரலாற்றின் ஒளியில், அகலக்காட்சிப் படத்துக்கு மென்பொருள் தேர்வோர் நான்கு வினாக்களை எழுப்புதல் நன்று.

முதலாவது, படம் நின்று எடுத்ததா, நடந்து எடுத்ததா என்பது. கருவி ஒரே புள்ளியில் திரும்பும்போது, அருகில் உள்ள பொருளும் தொலைவில் உள்ள பொருளும் தம்முள் இடம் மாறுவதில்லை. ஆதலால் படங்கள் பிழையின்றிப் பொருந்தும். கருவி இடம் பெயர்ந்தால், அருகில் உள்ள தூண் தொலைவில் உள்ள கோபுரத்தின்மேல் நகர்ந்து தோன்றும். இதுவே இடமாறு தோற்றப் பிழை. ஆனால் எடுக்கப்படும் பொருள் தட்டையான சுவராயின், இடம் பெயர்ந்தாலும் படங்கள் பொருந்தும். பார்க்கரின் வழியும் ட்ரைப்பின் வழியும் இவ்வாறு இரு தனி வழிகளாகின்றன. ஆட்டோஸ்டிச் போன்றவை, கருவி நின்ற இடத்திலேயே திரும்பியது என்னும் அடிப்படையில் கணக்கிடுகின்றன. நகர்ந்து எடுத்த சுவர்ப்படத்துக்கு, கருவியின் இடப்பெயர்ச்சியையும் கணக்கில் கொள்ளும் மென்பொருள் வேண்டும். ஹுகினில் அவ்வசதி உண்டு. மலைக்காட்சிக்குப் பொருந்திய கருவி கல்வெட்டுக்குப் பொருந்தாமற் போவதற்குக் காரணம் இதுவே.

இரண்டாவது, பொதுப்புள்ளிகளைக் கையால் திருத்த இயலுமா என்பது. ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வரும் இடத்தில் கணினி எளிதில் ஏமாறும். ஒரே அளவுள்ள தூண்கள் வரிசையாக நிற்கும் மண்டபத்தில் மூன்றாம் தூணை நான்காம் தூணாகக் கருதிப் பொருத்திவிடலாம். இடையில் ஒரு தூண் காணாமற் போகும். கல்வெட்டிலோ இடர் பெரிது. ஒரே எழுத்து ஒரு வரியில் பலமுறை வருகிறது. விளிம்பு தெரியாமல் மறைக்கும் முறை, இணைப்புக் கோட்டில் நின்ற ஓர் எழுத்தை விழுங்கிவிடலாம். அல்லது ஒன்றை இரண்டாக்கலாம். மலையில் ஒரு மரம் குறைந்தால் எவரும் அறியார். கல்வெட்டில் ஓர் எழுத்துக் குறைந்தால் பெயர் மாறும். ஓர் எண்குறி குறைந்தால் கொடுத்த பொன்னின் அளவே மாறும். இணைப்பு எவ்வளவு அழகாக மறைகிறதோ அவ்வளவுக்குப் பிழையும் மறைகிறது. ஆதலின், தானே முடித்துத் தரும் மென்பொருளைவிட, எங்கே இணைத்தது என்பதைக் காட்டித் திருத்த இடம் தரும் மென்பொருளே ஆய்வுக்கு உகந்தது.

மூன்றாவது, மென்பொருள் எதைச் சேமித்து வைக்கிறது என்பது. முடிந்த படத்தை மட்டும் தருவது ஒரு வகை. எந்தப் படம், எந்தக் கோணத்தில், எந்தப் புள்ளிகளால் இணைந்தது என்னும் செய்முறைக் குறிப்பையும் கோப்பாக எழுதி வைப்பது மற்றொரு வகை. ஹுகின் அக்குறிப்பை எளிய எழுத்துக் கோப்பாகவே எழுதுகிறது; எந்தக் கணினியிலும் அதனைத் திறந்து படிக்கலாம். நாளை அம்மென்பொருள் இல்லாது போனாலும், குறிப்பும் மூலப்படங்களும் இருந்தால் இணைப்பை மீண்டும் செய்யலாம். மூலப்படங்களை அழித்துவிட்டு இணைத்த படத்தை மட்டும் வைத்திருப்பது, நூலை எறிந்துவிட்டு அதன் சுருக்கத்தை மட்டும் பேணுவதை ஒக்கும்.

நான்காவது, மென்பொருள் யாருடையது என்பது. அதற்கான விடை மேலே கூறிய வரலாற்றிலேயே உள்ளது. விரைவும் எளிமையும் வேண்டுவோர் விலையுள்ள மென்பொருளை நாடுவதில் தவறில்லை. நீண்ட காலம் பேண வேண்டிய ஆவணமாயின், உடைமையாளர் கைவிட்டாலும் உயிர்வாழும் கருவியொன்று உடன் இருத்தல் வேண்டும்.

கருவியைத் தேர்வதற்கு முன் படம் எடுப்போர் செய்ய வேண்டியவையும் சில உண்டு. அடுத்தடுத்த படங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காவது ஒன்றையொன்று மேற்கவிய வேண்டும். ஒளியளவும் குவியத் தொலைவும் தொடர் முழுவதும் மாறாதிருக்க வேண்டும். நின்று எடுக்கும் படத்தில், உடலை அன்று, வில்லையையே அச்சாகக் கொண்டு கருவியைத் திருப்ப வேண்டும். இவை தவறின் எந்த மென்பொருளாலும் முழுதும் ஈடுசெய்ய இயலாது.

சுருளில் நின்ற எழுத்து

1859இல் சென்னையின் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவலியன், அரசு ஒளிப்படப் பணியை ஆடம்பரச் செலவெனக் கருதினார். 1860அளவில் அப்பணி முடிவுக்கு வந்தது. ட்ரைப் அதன்பின் பெரும் ஒளிப்படப் பணி எதிலும் ஈடுபடவில்லை, 1902இல் மறைந்தார். அவருடைய படங்கள் 2014, 2015ஆம் ஆண்டுகளில் வாஷிங்டன், நியூயார்க், இலண்டன் ஆகிய நகரங்களில் காட்சிக்கு வைக்கப்பட்டபோது, அவரை மறந்திருந்த உலகம் மீண்டும் வியந்தது.

ஆதரித்த கை விலகிய பின்னும் அவருடைய பணி நிலைத்ததற்குக் காரணம் உண்டு. அவர் விட்டுச் சென்றது எந்தத் துணைக்கருவியும் இன்றிக் கண்ணாலேயே காணத்தக்க தாள். அதன் ஒட்டு விளிம்புகள் அத்தனையும் வெளிப்படையானவை. இன்னின்ன இடத்தில் இது இணைக்கப்பட்டது என்பதை அச்சுருள் மறைக்கவில்லை. காண்போர் ஐயுற்று ஆராயவும் திருத்தவும் அது இடம் தருகிறது.

இன்று மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் தஞ்சைக்குச் செல்லும் ஆசிரியரும் மாணவரும் கையில் கொண்டு செல்லும் கைப்பேசி, ட்ரைப்பின் கருவி அனைத்தையும் விஞ்சிய ஆற்றலுடையது. ஒரு வீச்சில் சுவர் முழுவதையும் அது படமாக்கிவிடும். அப்படத்தில் எத்தனை எழுத்து மெய், எத்தனை எழுத்து மென்பொருளின் கற்பனை என்பதைக் கைப்பேசி கூறாது. அதனை ஆராய்ந்து கூற வல்லவர், எழுத்தறிந்த ஆசிரியரும், அவரிடம் பயிலும் மாணவரும் ஆவர். தனித்தனிப் படங்களாக எடுத்து, மூலத்தைக் காத்து, திருத்த இடம் தரும் கருவியால் இணைத்து, இணைப்பு விளிம்பில் நின்ற ஒவ்வோர் எழுத்தையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு வகுப்பு, தமிழையும் கற்கும், வரலாற்றையும் கற்கும், கருவியை ஆளவும் கற்கும்.

தன் கொடையை மட்டும் வெட்டுவித்து அமையாமல், தமக்கையும் தேவியரும் ஏனையோரும் கொடுத்தவற்றையும் பெயர் விடாமல் வெட்டுவித்தான் இராசராசன். யார் கொடுத்தார், எவ்வளவு கொடுத்தார் என்பது எவருக்கும் தெரிய நிற்க வேண்டும் என்பதே அவ்வாணையின் உள்ளக்கிடக்கை. அக்கல்லைப் படமாக்கும் கருவியும் அத்தகைய வெளிப்படைத் தன்மை உடையதாக இருத்தல் பொருத்தமாகும்.